எரியும் எஞ்சினுக்கு ஒரு குவளைத் தண்ணீர்

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

முதலாமாண்டில் நாம் எல்லோரும் செய்த சோதனை ஒன்று உண்டு. செம்புக் கலோரிமீட்டரில் தண்ணீர் எடுத்து, அதனுள் நீராவியைச் செலுத்தி, ஆவியின் உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிடும் சோதனை அது. விடை 540 கலோரிக்கு அருகில் வந்துவிட்டால் பதிவேட்டில் கையொப்பம் கிடைத்துவிடும். வராவிட்டால் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்து வரவழைத்துக்கொள்வதும் உண்டு! விரிவுரையாளர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்த 540 என்னும் எண் தேர்வுத்தாளோடு முடிந்துபோகிற எண் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது போர் விமானங்களுக்கு வேகம் கொடுத்திருக்கிறது, ஒரு புதுமையான காரை இரண்டே ஆண்டுகளில் சந்தையை விட்டு வெளியேற வைத்திருக்கிறது, அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் சாலைக்கு வந்திருக்கிறது என்பதையெல்லாம் பின்னர் படித்தறிந்தபோது வியப்பாக இருந்தது. சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் எஞ்சினுக்குள் தண்ணீரைத் தெளித்துக் குளிர்விக்கும் முறையைத்தான் சொல்கிறேன்.

இம்முறை நல்லதா, வேண்டாத விளையாட்டா? நல்லது என்பதே என் கருத்து. அதில் இயற்பியலுக்கு எந்தக் குறையும் இல்லை. அதைக் கெடுத்தது மனிதரின் மறதி. மறதிக்கு இடங்கொடுக்கும் வேறொரு மருந்தை நாடிப்போனதால் உலகம் கொடுத்த விலையோ மிகப் பெரிது. இதை நண்பர்களின் முன் வைக்கவே இக்கட்டுரை.

அழுத்தினால் சூடு

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். பத்துப் பதினைந்து முறை அடித்தபின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் கை சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூப்பர்சார்ஜர் செய்வதும் இதே வேலைதான். எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றைவிட அதிகமான காற்றை அது அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும், திறனும் கூடும். எஞ்சினின் சுழற்சியைக்கொண்டே இயங்கினால் அது சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையின் விசையைக்கொண்டு இயங்கினால் டர்போ. இரண்டும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே.

இனி ஒரு சிறு கணக்கு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள காற்றை இரண்டு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பே இல்லாத கருவியானாலும் காற்று 96 டிகிரிக்கு ஏறிவிடும். நடைமுறையில் 70 விழுக்காடு திறனுடைய கருவி என்றால் ஏறத்தாழ 125 டிகிரி. சூடான காற்று விரியும் என்பதால், இரு மடங்கு அழுத்தம் கொடுத்தும் நமக்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கு காற்றுதான். பாதி ஆதாயத்தை வெப்பமே தின்றுவிடுகிறது.

அதோடு நின்றாலும் தாழ்வில்லை. சூடாக வந்த கலவை சிலிண்டருக்குள் மேலும் அழுத்தப்படுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்ததும் தீ ஒரு முனையிலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன்பே மறுமுனையில் உள்ள கலவை வெப்பம் தாளாமல் தானாகவே வெடித்துவிட்டால், சம்மட்டியால் அடித்தாற்போல ஓர் ஓசை எழும். ‘எஞ்சின் நாக் அடிக்கிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் உருகி ஓட்டை விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. ஆகவே சூப்பர்சார்ஜர் எஞ்சினின் திறனுக்கு எல்லை கட்டுவது பெரும்பாலும் இந்தத் தட்டல்தான்.

தண்ணீர் செய்யும் வேலை

இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி பட்டால் கொதிநீர் பட்டதைவிடக் கடுமையாகச் சுடுவதேன்? ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட 540 கலோரியை, திரும்பவும் நீராகும்போது நம் கையில் இறக்கிவிடுகிறது. இதையே தலைகீழாகப் பாருங்கள். சூடான காற்றில் தண்ணீரை நுண்துளிகளாகத் தெளித்தால், ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது அக்காற்றிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும். நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே நியாயப்படிதான்.

முன் சொன்ன கணக்கைத் தொடர்வோம். ஒரு கிலோ காற்றுக்கு 20 கிராம் தண்ணீர் தெளித்து, அது முழுவதும் ஆவியானால், காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 45 டிகிரி இறங்கும். 125 டிகிரியில் இருந்த காற்று 80 டிகிரிக்கு வரும். ஆவிக்குச் சிறிது இடம் கொடுத்தது போக, ஒன்றரை மடங்காக இருந்த காற்று 1.7 மடங்காகும். நடைமுறையில் ஒரு பகுதி துளியாகவே சிலிண்டருக்குள் போய், அழுத்தப்படும் வேளையில் அங்கே ஆவியாகும். அதுவும் நன்மைக்கே, தட்டல் பிறக்கும் இடத்திலேயே சூட்டைத் தணிக்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தண்ணீர் எரிபொருள் அன்று. ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள் அது. அதிலிருந்து எரிசக்தி எதுவும் வராது. 1996ஆம் ஆண்டில் தண்ணீரையும் மூலிகையையும் கொண்டு பெட்ரோல் செய்வதாக எழுந்த பேச்சில் தமிழகமே மயங்கிக் கிடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது அந்த வகை மாயம் அல்ல. எரிவது பெட்ரோலே. அது முறையாக எரிவதற்குத் தண்ணீர் காவல் நிற்கிறது; அவ்வளவுதான்.

வானத்தில் வென்றது

இக்கருத்து புதியதும் அன்று. ஹங்கேரி நாட்டுப் பொறியாளர் டொனாட் பாங்கி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எஞ்சினுக்குள் தண்ணீரைத் தெளித்து, அதிக அழுத்த விகிதத்தில் இயக்கிக் காட்டினார். ஆனால் அதற்கு உண்மையான தேவை இரண்டாம் உலகப் போரில்தான் வந்தது. அமெரிக்காவின் தண்டர்போல்ட் போர் விமானத்தில் பொருத்தப்பட்ட பிராட் அண்டு விட்னி எஞ்சின் 18 சிலிண்டர்களும் 46 லிட்டர் கொள்ளளவும் உடையது. 2,000 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், தண்ணீர் தெளிப்பின் துணையோடு 2,300 குதிரைத்திறன் தந்தது. எதிரி துரத்தும் சில நிமிடங்களுக்கு மட்டுமே விமானி அதைப் பயன்படுத்தலாம். ஜெர்மானியரும் மெத்தனாலையும் தண்ணீரையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்து, துருப்பிடிக்காமலிருக்கச் சிறிது எண்ணெய் சேர்த்து, ‘எம்.டபிள்யூ. 50’ என்ற பெயரில் தம் விமானங்களில் பயன்படுத்தினர்.

அங்கே அது வென்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கவனிக்க வேண்டுகிறேன். விமானம் புறப்படுமுன் தொட்டியை நிரப்புவதற்கென்றே தரைப்பணியாளர் இருந்தனர். நிரப்பினேன் என்று கையெழுத்திடும் பொறுப்பு ஒருவருக்கு இருந்தது. அந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1971 செப்டம்பர் 6ஆம் நாள், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து 121 பேருடன் ஒரு ஜெட் விமானம் கிளம்பியது. புறப்படும் வேளையில் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டிய தொட்டியில் தண்ணீரோடு விமான எரிபொருளும் தவறுதலாக நிரப்பப்பட்டிருந்தது. குளிர்விக்க வேண்டியது கொளுத்திவிட்டது. இரு எஞ்சின்களும் செயலிழந்தன. விமானம் நெடுஞ்சாலையில் இறங்க நேர்ந்தது. 22 பேர் மாண்டனர்.

தரையில் தோற்றது

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ என்னும் காரை வெளியிட்டது. டர்போ பூட்டி விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அது ஒன்று. மூன்றரை லிட்டர் அலுமினிய எஞ்சின்; 215 குதிரைத்திறன். அழுத்த விகிதம் 10.25க்கு 1. அத்தகைய எஞ்சினுக்கு டர்போவும் வைத்தால் தட்டல் வராமல் இராது. எனவே பொறியாளர்கள் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தைத் தெளிக்க ஏற்பாடு செய்து, அதற்கு ‘டர்போ ராக்கெட் திரவம்’ என்று பெயரும் சூட்டினர்.

கார் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? பெட்ரோல் போட்டார்கள், ஓட்டினார்கள், அந்தத் தொட்டியை மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துவிடும் பாதுகாப்பு வால்வு ஒன்றும் அதில் இருந்தது. எஞ்சின் கெடாமல் காப்பாற்றியது அவ்வால்வு. ஆனால் ‘வண்டி இழுக்கவில்லை’ என்ற புகார் குவிந்தது. இரண்டே ஆண்டுகளில், ஏறத்தாழ 9,600 கார்களோடு, தயாரிப்பு நின்றது. 1965இல் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பூட்டித்தர நிறுவனம் முன்வந்தது. அதே 1962இல் அதே குழுமத்தின் செவ்ரலே கார்வேர் என்னும் காரும் டர்போவுடன் வந்தது. அதில் அழுத்த விகிதத்தை 8க்குக் குறைத்து, தண்ணீர்த் தொல்லையே இல்லாமல் செய்திருந்தார்கள். அது 1966 வரை நீடித்தது. மேலான பொறியியல் தோற்றது. கவனிப்புக் கேட்காத பொறியியல் பிழைத்தது.

கவனிப்புக் கேட்காத மருந்து

‘மக்கள் மறதிக்காரர்கள், அவர்களிடம் எதையும் எதிர்பாராத மருந்தே சிறந்த மருந்து’ என்று சிலர் வாதிடக்கூடும். விடுதியில் என் அறை நண்பரும் இப்படித்தான் வாதிட்டார். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை உலகம் ஒருமுறை நடத்திப் பார்த்துவிட்டது.

1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர், டெட்ரா எதில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டறிந்தார். ஓட்டுபவர் எதுவும் செய்ய வேண்டாம், தனித் தொட்டி வேண்டாம், நினைவும் வேண்டாம். மருந்து பெட்ரோலுக்குள்ளேயே இருக்கிறது! 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இதைத் தயாரித்த இடத்தில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தபோதும் உலகம் விழித்துக்கொள்ளவில்லை. சாலையோரக் காற்றிலும் மண்ணிலும் ஈயம் படிந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இந்தியா 2000ஆம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நூறு ஆண்டுகள்!

தண்ணீர் மட்டுமே ஈயத்துக்கு மாற்றாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆல்கஹாலும் தட்டலைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். எண்ணெய்ச் சுத்திகரிப்பை மேம்படுத்தும் வழியும் இருந்தது. என் வாதம் வேறு. ‘பயன்படுத்துபவருக்குச் சிறு தொல்லையும் கூடாது’ என்பதையே ஒரே அளவுகோலாகக் கொண்டால், அத்தொல்லை மறைந்துவிடுவதில்லை. பிறர் தலையில் போய் விழுகிறது. கார் இல்லாத வீட்டுக் குழந்தையும் அந்த ஈயத்தைச் சுவாசித்ததே!

இன்றைய நிலையும் சில மறுப்புகளும்

ஈயம் போய்விட்டது; இனி இந்தப் பேச்சு எதற்கு? இன்று நம் சாலைகளிலேயே சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட கார்கள் பெருகிவிட்டன. அத்தகைய எஞ்சின்கள் பலவற்றில், முழு வேகத்தில் சூடு மிகும்போது, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான பெட்ரோலை உள்ளே விட்டுக் குளிர்விக்கும் வழக்கம் உண்டு. பெட்ரோலின் உள்ளுறை வெப்பம் தண்ணீருடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. பெட்ரோலை ஊற்றிச் சூடு தணிப்பது, பாலை ஊற்றி வாசல் தெளிப்பது போன்றது! எரியாத பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாகவும் கரியாகவும் வெளியேறுகிறது.

2016இல் விற்பனைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ். என்னும் காரில் தண்ணீர்த் தெளிப்பு மீண்டும் தலைகாட்டியது. பின்பெட்டியில் ஐந்து லிட்டர் தொட்டி. 431 குதிரைத்திறன் தந்த எஞ்சின் 500 தந்தது. அம்முறையை உருவாக்கிய பாஷ் நிறுவனம், வேகமாக ஓட்டும் நிலையில் 13 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகும் என்று அறிவித்தது.

‘இண்டர்கூலர் இருக்கும்போது தண்ணீர் எதற்கு?’ என்பது ஒரு மறுப்பு. இண்டர்கூலர் வெளிக்காற்றைக்கொண்டு குளிர்விப்பது. சித்திரை வெயிலில் 40 டிகிரி வெளிக்காற்று என்றால், எவ்வளவு பெரிய இண்டர்கூலரும் அதற்குக் கீழே குளிர்விக்காது. சிலிண்டருக்குள் நடப்பதிலும் அதற்குக் கை கிடையாது. இரண்டும் சேர்ந்திருப்பதே நலம்.

‘மெத்தனால் கலக்க வேண்டுமே’ என்பது இன்னொரு மறுப்பு. குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாதிருக்கவே மெத்தனால் முதன்மையாகத் தேவைப்பட்டது. அது எரிபொருளாகவும் உதவுமென்பது உண்மையே; எனினும் நம் சமவெளிகளில் தண்ணீர் உறையும் அச்சம் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது அந்த மெத்தனால்தான். வீடுதோறும், பட்டறைதோறும் அதைக் கேனில் வாங்கி வைப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். நமக்குத் தண்ணீர் மட்டுமே போதும்.

ஆனால் எந்தத் தண்ணீர்? ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், குடத்தின் உட்புறம் படிவதுபோல் தெளிப்பானின் நுண்துளையிலும் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே வேண்டும். அளவும் மிகக்கூடாது, மிகுந்தால் தீ அவியும், சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய் கழுவப்படும், துருவும் பிடிக்கும். தெளிப்பு நின்றுபோனால் அதே கணத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் காவல் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். ஆகவே தெருமுனைப் பட்டறையில் கண்ணாடி துடைக்கும் மோட்டாரைக்கொண்டு தாமே பூட்டிப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: வேண்டாம். இது தொழிற்சாலையில் வடிவமைத்துச் சோதித்துத் தரவேண்டிய ஏற்பாடு.

மறதியை வெல்லும் வழி

அப்படியானால் மறுபடியும் தொட்டியை யார் நிரப்புவது? இதற்கு ஓர் அழகான விடை உண்டு. வெயிலில் நிற்கும் குளிர்சாதனக் காரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து நீராகி வடிவது அது. ஏறக்குறைய காய்ச்சி வடித்த நீருக்குச் சமம். 2015இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் காட்டிய ஒரு சோதனைக் காரில் அந்தத் தண்ணீரையே சேகரித்து எஞ்சினுக்குத் தெளித்தார்கள். கடற்கரையோரப் புழுக்கம் மிகுந்த நம் ஊர்களைவிட இதற்கு ஏற்ற இடம் ஏது? தூசியை வடிகட்டிக்கொண்டால் போதும். மனிதரின் மறதிக்கு விடை, பிறருக்கு நஞ்சாகும் மருந்தில் இல்லை. வீணாய்ச் சொட்டுவதைச் சேர்த்துவைக்கும் அறிவில் இருக்கிறது.

மின்சாரக் கார்கள் வந்துகொண்டிருக்கும் காலத்தில் இதெல்லாம் பழங்கதை ஆகிவிடலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் பெட்ரோல் எஞ்சின்கள் இன்னும் பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடத்தான் போகின்றன. அவை ஓடும்வரை, மிகுதிப் பெட்ரோலைக் கொட்டிக் குளிர்விப்பதைவிடத் தண்ணீரைத் தெளித்துக் குளிர்விப்பதே அறிவுடைமை. நாளை வரும் மின்கலங்களிலும், ‘எனக்குத் தொல்லையில்லாதது யாருக்குத் தொல்லை?’ என்ற கேள்வி இருக்கவே செய்யும்.

முதலாமாண்டுத் தம்பி தங்கையருக்கு ஒரு சொல். அடுத்த வாரம் கலோரிமீட்டர் சோதனை வரும்போது 540க்காகப் பக்கத்து மேசையை எட்டிப் பார்க்காதீர்கள். ஆவியை நீங்களே செலுத்துங்கள். வெப்பமானி ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். உங்களுக்கு 520 வந்தாலும் அது உங்கள் எண். ஏன் குறைந்தது என்று தேடுகிறவரே நாளைக்கு நல்ல எஞ்சினைச் செய்வார்.